பதித்த கல்லுக்கு மிச்சக் காசு: உங்களுக்கு இருப்பது இரண்டு மாதம்

கேள்வி: நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் முற்றத்துக்கும் வாசல் படிகளுக்கும் கையால் கொத்திய கருங்கல் பதித்துக் கொடுத்தேன். மொத்தம் 1,800 சதுர அடி. கல், மணல், கூலி எல்லாம் சேர்த்து 16 இலட்சம் என்று வாய்ப்பேச்சு. கோட்டேஷன் கொடுத்தேன், அவர் கையெழுத்து வைக்கவில்லை. கைக்கு வந்தது ஒன்பதரை இலட்சம். வேலை முடிந்து பத்து மாதமாகிறது. மாரி மழையோடு கல் தாழ்ந்துவிட்டது, மிச்சம் தரமாட்டேன் என்கிறார். என் ஆட்களுக்கு முன்னால் கள்ளன் என்றும் ஏசினார். மனைவியின் நகை அடகில் கிடக்கிறது. பதித்த கல்லைக் கிளப்பி எடுக்கலாமா? (மேசன், திருகோணமலை)

பதில்: ஏசியதையும் நகையையும் ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் அதை வைத்து இந்த மிச்சக் காசில் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவர் கடைசியாகக் காசு தந்தது எந்தத் திகதியில், எப்படித் தந்தார்?

வழக்கு வைக்கும் கால எல்லையைச் சொல்லும் இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடமும், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடமும் தருகிறது. எல்லாரும் இந்த மூன்றை நம்பி இருந்துவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பார்ப்பதில்லை. செய்த வேலைக்கும் உழைப்புக்கும், கைவினைஞர் கூலிக்கும், விற்றுக் கொடுத்த பொருளுக்கும் அது தருவது, காசு வரவேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். கல்லும் கூலியும் சேர்ந்த முழு ஒப்பந்தம், ஆகவே மூன்று வருடம் என்று வாதாட இடமுண்டு. பிந்திவிட்டவருக்குத்தான் அந்த வாதம். நீங்கள் இன்னும் பிந்தவில்லை: வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணினால் பத்து மாதம் போய், இரண்டு மாதம் மிச்சம்.

அவர் பக்கம் வேறு கணக்கு. வேலையில் குறை என்று அவர் நட்டஈடு கேட்பது ஒப்பந்த மீறல், அதற்கு மூன்று வருடம். நீங்கள் வழக்கு வைத்தால் அதே வழக்கில் எதிர்க்கோரிக்கை போடுவார். நீங்கள் காலம் கடந்து தோற்றாலும் அவருடைய கோரிக்கை உயிரோடு நிற்கும். ஆறரை இலட்சம் கேட்டுப் போனவர் கைக்காசு கொடுத்துவிட்டு வருவது இப்படித்தான்.

சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் போனால் காலம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், நிற்காது. பொலிஸ் முறைப்பாடும் நிறுத்தாது. "தைப்பொங்கலுக்குத் தாறன்" என்ற வாய்ச்சொல்லும் நிறுத்தாது. காலத்தைப் புதிதாகத் தொடங்க வைப்பவை இரண்டு: கடனை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்ட எழுத்து, அல்லது கடனில் ஒரு பகுதியைக் கட்டியது. ஆறு மாதத்துக்கு முன் வங்கியில் இரண்டு இலட்சம் போட்டிருந்தால், அந்தச் சிலிப் உங்கள் கோட்டேஷனைவிடப் பெறுமதியானது. கையில் வாங்கிய காசென்றால் பற்றுச்சீட்டில் "மிச்சத் தொகையில் ஒரு பகுதி" என்று இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி சாட்சியாகலாம், ஆனால் அது கையொப்பமா என்று கட்டாயம் இழுப்பார்கள். அந்தப் போனை மாற்றாமல் வைத்திருங்கள், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கல்லைக் கிளப்பக் கூடாது. நிலத்தில் பதித்த கல் நிலத்தோடு சேர்ந்துவிட்டது. வேலைத்தளம் உங்கள் கையில் இருந்தவரை காசு வரும்வரை பிடித்து வைக்கும் உரிமை இருந்தது, ஒப்படைத்த அன்று அது போயிற்று. இப்போது உள்ளே போனால் அத்துமீறல், சேதம் என்று நீதவான் நீதிமன்றத்தில் எதிரியாக நிற்பது நீங்கள்தான்.

"ஒரு நாளில் திருத்தித் தாறன்" என்று இலவசமாகப் போய்த் திரும்பப் பதிக்கவும் வேண்டாம். அதைக் குறையை ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள், ஏன் தாழ்ந்தது என்ற சாட்சியும் அன்றே அழிந்துவிடும். முதலில் தாழ்ந்த இடத்தில், அவரையும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் வைத்துக்கொண்டு, இரண்டடிக்கு இரண்டடி கிளப்பிப் பாருங்கள். அளவு நாடாவைக் குழிச் சுவரோடு நிறுத்திப் படம் எடுங்கள். கல்லின் கனம், மணல் படுக்கை, சல்லித் தளம் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். மணல் 25 முதல் 40 மில்லிமீற்றர், அதன் கீழ் இறுக்கிய சல்லி 100 முதல் 150 மில்லிமீற்றர் இருந்தால் நடைபாதைக்கு உங்கள் வேலை நிற்கும். சல்லித் தளம் மேடு பள்ளமாகக் கிடந்ததை 75 மில்லிமீற்றர் மணலால் நிரவியிருந்தால் பிழை உங்களுடையது, அதை எந்தச் சட்டத்தரணியாலும் மறைக்க முடியாது. தாழ்வு கேற்றிலிருந்து தண்ணீர்த் தாங்கி வரை இரண்டு கோடாக ஓடினால் அது தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியின் டயர். நடைபாதை என்று சொல்லிப் போட்ட தளத்தில் பவுசர் ஏற்றியது அவர். கூரைப் பீலித் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் குழி என்றால், நிலாவெளி மணல் கரைக்கட்டுக்கு (தளத்தின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டு) அடியால் அரித்துப் போயிருக்கும். அங்கே கரைக்கட்டை ஆழமாகப் போடச் சொன்னது யார், வேண்டாம் என்றது யார் என்பதே கேள்வி. கல்லில் பூத்த வெள்ளை உப்பைக் காட்டிக் காசு வெட்ட விடாதீர்கள். அது தோற்றக் குறை, தளம் தாழ்ந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

வழக்குக்கு முன் இணக்கம் பேசிப் பார்க்கும் மத்தியஸ்த சபைக்கு முதலில் போகவேண்டிய தொகையா என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழி உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் நான் சொல்வது, ஐந்து இலட்சத்துக்கு இணங்குங்கள். எழுத்தில்லாத ஒப்பந்தம், தாழ்ந்த தளம், நிபுணர் சாட்சி என்று வருடக்கணக்கில் இழுக்கும் வழக்கில் அந்த ஒன்றரை இலட்சம் கரைந்துவிடும். குழி பாதகமாக இருந்தால் மூன்றுக்கும் இணங்கலாம். ஆனால் வெறும் வாக்கை வாங்கி வராதீர்கள். திகதியிட்ட இரண்டு காசோலை, அல்லது புரோநோட்டு (காசு தருவதாக எழுதிக் கையொப்பமிட்ட கடன் சீட்டு) வாங்குங்கள். அதற்கு 6 வருடம் உண்டு, சுருக்க நடைமுறை என்ற விரைவு வழியிலும் வழக்கு வைக்கலாம். இணக்கக் கடிதத்தில் தொகையோடு இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: இந்தத் தளம் பற்றி இனி எந்த நட்டஈடும் கேட்கமாட்டேன் என்று. அந்த வரிக்குக் கீழே அவர் கையொப்பமும் திகதியும் இல்லாமல் திருத்த வேலைக்கென்று வேலைத்தளத்தில் ஒரு கல்லையும் தொடாதீர்கள்.