நீலகிரி வரைபடம்: கேட்டதும் சொன்னதும்

செயற்கைக்கோள் படத்தின் மேல் மலைநிழல் (உயர அளவுகளை வைத்து மென்பொருள் போடும் மேடுபள்ள நிழல்) ஏற்றி நான் செய்த நீலகிரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

கே: அண்ணா, இதற்குப் பணம் கட்டணுமா?

ப: ஒரு பைசா வேண்டாம். படம் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுத்தது, உயரத் தரவு கோப்பர்நிக்கஸ் (30 மீட்டருக்கு ஒரு உயர அளவு), வரைபட மென்பொருள் க்யூஜிஐஎஸ், மூன்றும் இலவசம்.

கே: நான் இறக்கியதெல்லாம் ஒரே மேகம். எந்த மாதம் தேடுவது?

ப: ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டு பருவமழையும் வாங்குகிற மலை அது, மற்ற மாதங்களில் பஞ்சுப் பொதிதான் கிடைக்கும்.

கே: சார், படத்தில் மலையெல்லாம் பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் தெரிகிறது. கண்ணாடி மாற்றணுமா?

ப: கண்ணில் கோளாறு இல்லை. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், மலை மலையாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை பழகிவிட்டது, ஆனால் இந்தச் செயற்கைக்கோள் நம்மூரைக் கடப்பது காலை பத்தரை, பதினொன்று வாக்கில், ஜனவரியில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கில், அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்தில் நிற்கிறது.

இதில்தான் நானும் சறுக்கினேன். மென்பொருள் போடும் மலைநிழலில் வெளிச்சம் வழக்கமாக வடமேற்கிலிருந்து, 315 டிகிரியில் வரும். அதை ஜனவரிப் படத்தின் மேல் மல்டிப்ளை முறையில் (இரண்டின் இருட்டும் சேர்ந்து தெரியும் கலவை முறை) ஏற்றினால், படத்தில் ஒரு சரிவு இருட்டு, மலைநிழலில் எதிர்ச்சரிவு இருட்டு, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 2,637 மீட்டர் தொட்டபெட்டா பொரிக்காத அப்பளம் மாதிரி கிடந்தது! அப்புறம் மார்ச் கடைசியில் எடுத்த படத்துக்கு மாறினேன். அப்போது சூரியன் இன்னும் உயரத்தில் இருப்பதால் படத்தின் சொந்த நிழல் குட்டையாகிவிடுகிறது. புல் கொஞ்சம் காய்ந்து தெரியும், பரவாயில்லை.

கே: எனக்கு மலைநிழல் முழுக்கக் கருப்பு வெள்ளைத் திட்டாக வருகிறதே?

ப: உயரத் தரவுக் கோப்பில் இடம் டிகிரியில் இருக்கிறது, உயரம் மீட்டரில் இருக்கிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள 0.00028 டிகிரியை மென்பொருள் 0.00028 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு சின்ன மேட்டைக்கூடச் செங்குத்துச் சுவராக்கிவிடும். முதலில் கோப்பை யூடிஎம் 43 வடக்குக்கு (இடத்தை மீட்டரில் சொல்லும் வரைபட மண்டலம்), அதாவது மென்பொருளில் 32643 என்ற எண்ணுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நியரஸ்ட் நெய்பர் (பக்கத்துக் கட்டத்தின் உயரத்தை அப்படியே எடுக்கும் முறை) வேண்டாம், சுற்றியுள்ள கட்டங்களைக் கலந்து கணக்கிடும் பைலினியர் அல்லது க்யூபிக் வையுங்கள், இல்லையென்றால் சரிவெல்லாம் கோடு கோடாக வரும்.

கே: இதையே தஞ்சாவூருக்குச் செய்யலாமா?

ப: செய்யலாம், தஞ்சாவூர் அடுத்த மண்டலத்தில் இருப்பதால் முதலில் 32644-க்கு மாறணும். ஆனால் இந்த உயரத் தரவு மர உச்சியையும் கூரையையும் சேர்த்தே அளந்தது, தட்டையான ஊரில் உங்களுக்குக் கிடைக்கும் மலை தென்னந்தோப்பாகத்தான் இருக்கும். நிழலை விட்டுவிட்டு ஆறு, வாய்க்கால்களை நன்றாக வரையுங்கள்.