கேசட் என்னுடையது, கச்சேரி யாருடையது?

கேள்வி: 1998 ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் முருகன் கோயிலில் நடந்த பாட்டுக் கச்சேரியை டேப்பில் பதிவு செய்தேன். பாடியவர் இப்போது இல்லை. யூடியூபில் போடலாமா? உரிமை எனக்குத்தானே?
- வாசகர், காட்பாடி

பதில்: பாதி சரி. முன்வந்து, பொறுப்பேற்றுப் பதிவு செய்தவரே ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். மேடை கோயிலுடையது, மைக் செட் இன்னொருவருடையது என்பதற்காக அவர்கள் பங்கு கேட்க முடியாது. சிக்கல் கேசட்டுக்குள் இருக்கிறது.

பாடியவருக்கும், வயலின், மிருதங்கம் வாசித்தவர்களுக்கும் தனித்தனியே நிகழ்த்துநர் உரிமை உண்டு. நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். உங்கள் கச்சேரிக்கு 2048 முடியும்வரை. பாடகர் காலமானால் அனுமதி கேட்டு வாரிசுகளிடம் போக வேண்டும். சொந்தப் பயனுக்குப் பதிவு செய்வதை 39ஆம் பிரிவு விட்டுவிடுகிறது. வீட்டில் போட்டுக் கேளுங்கள், யாரும் தடுக்க முடியாது. ஊருக்கே போட்டுக் காட்டினால் அந்த விலக்கு போய்விடும். 'காசு வாங்கவில்லையே' என்ற சமாதானமும் எடுபடாது.

கையெழுத்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கால அளவு எழுதாவிட்டால் அனுமதி 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூபோ உலகம் முழுக்கப் போகிறது. எனவே 'எல்லா நாடுகளிலும், உரிமைக் காலம் முழுவதும், இணையத்தில் வெளியிட' என்று எழுதி, பக்கவாத்தியக்காரர்களிடமும் வாங்குங்கள். போனில் 'போடுங்க சார்' என்று சொன்னது போதாது. எல்லாருடைய பெயரையும் வீடியோவின் கீழே போடுங்கள். அது அவர்களுடைய உரிமை. நீளம் கருதிக் கத்தரிக்கலாம், பெயர் கெடும்படி வெட்டி ஒட்டக் கூடாது.

பிறகு, பாடிய உருப்படிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். தியாகராஜர் கீர்த்தனை, திருப்புகழ் என்றால் கவலையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. கடைசியில் ரசிகர் சீட்டு கொடுத்துப் பாட வைத்த சினிமாப் பாட்டு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது துக்கடாவில், அதாவது கச்சேரியின் கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளில்தான்.

கேள்வி: பாட்டு கற்கும் மகளுக்காக டிக்கெட் கச்சேரியை செல்போனில் பதியலாமா?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: கற்பிப்பதற்கு மட்டும் என்றால் அதே 39ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 'பதிவு செய்யக் கூடாது' என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்தால் அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறீர்கள்; வாசலுக்கு அனுப்பினால் கேட்க முடியாது. பதிந்ததை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அங்கிருந்து அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.