நார்ச்சத்துத் தூள் குடித்தால் கொலஸ்ரோல் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 54 வயது, இடம் புதுக்குடியிருப்பு. சலரோகமும் இருக்கிறது. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ரோல்) 162 என்று கிளினிக்கில் அற்றோவஸ்ரற்றின் 20 மில்லிகிராம் தந்தார்கள். மகன் கனடாவிலிருந்து நார்ச்சத்துத் தூள் ஒரு ரின் அனுப்பியிருக்கிறான். அதைக் குடித்தால் மாரடைப்பு வராதாம். குளிசையை விட்டுவிடலாமா?

பதில்: விடவேண்டாம் அம்மா. அந்தக் குளிசை எல்.டி.எல்.ஐ ஏறத்தாழ 40 வீதம் இறக்கக்கூடியது. உங்கள் 162, 100க்குக் கீழே வரலாம். நல்ல நார்த்தூள் இறக்குவது 5 முதல் 10 வீதம்தான். குளிசையோடு சேர்த்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும், அதுதான் அதன் பயன். மாரடைப்பையே தூள் தடுக்கும் என்று நேரடியாகக் காட்டிய பரிசோதனை இல்லை. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில் நார் கூடுதலாக உண்டவர்களிடம் இதயநோய் இறப்பு குறைவாக இருந்தது. அது பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்து வந்த நார்.

முதலில் ரின்னில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொலஸ்ரோலைக் குறைப்பது தண்ணீரில் கெட்டியாகும் நார்தான்: இசப்கோல் உமி, ஓட்ஸில் உள்ள பீற்றா குளுக்கன். இது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். புதிதாகப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ரோலை எடுக்கும். கோதுமை டெக்ஸ்ரின், இனுலின், தவிடு எல்லாம் மலச்சிக்கலுக்கு உதவலாம், எல்.டி.எல்.ஐப் பெரிதாக அசைக்காது. பெயர் விளங்காவிட்டால் ஒரு கரண்டி தூளை அரைக் கிளாஸ் தண்ணீரில் பத்து நிமிடம் விடுங்கள். கூழாக இறுகாமல் தெளிவாகக் கரைந்துவிட்டால் உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. சீனி சேர்த்த தோடம்பழச் சுவைத் தூளும் உங்களுக்குக் கூடாது.

இசப்கோல் என்றால் முதல் வாரம் நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். சடுதியாகக் கூட்டினால் வயிறு ஊதும். பிறகு மெல்ல நாளொன்றுக்கு 10 கிராம் வரை, இரண்டாகப் பிரித்துச் சாப்பாட்டு நேரத்தில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் 250 மில்லிலீற்றருக்குக் குறையாத தண்ணீரில் கலக்கி, இறுகமுன் குடித்து முடிக்கவேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். படுக்கப்போகும் நேரம் வேண்டவே வேண்டாம். விழுங்கச் சிரமம், குடலடைப்பு இருந்தவர்கள் தொடக்கூடாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்க்கு மருந்தெடுப்பவர்கள் பலர். தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் கிளினிக்கில் கேட்காமல் இதைத் தொடங்கவேண்டாம்.

மற்றக் குளிசைகளுக்கும் தூளுக்கும் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள், தைரொயிட் குளிசைக்கு நான்கு. இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் என்ற சலரோகக் குளிசை எடுப்பவரானால் இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். முதல் வாரங்களில் அடிக்கடி பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 25 கிராம் நார். அவித்த பயறு 200 கிராமிலேயே ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது. காலையில் வெள்ளைப் பாணுக்குப் பதில் பயறோ கௌபியோ, மதியம் தீட்டாத சிவப்பரிசியோடு வெண்டிக்காயும் ஒரு கீரையும், இரவு அளவாகக் குரக்கன் பிட்டு என்று வைத்தால் தூளின் தேவையே குறையும். பிட்டுக்கும் கறிக்கும் தேங்காயைக் கொட்டினால் மட்டும் இதில் பாதி வீண்.

மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் கொலஸ்ரோல் சோதித்து, கிளினிக் கொப்பியோடு ரின்னையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தூள் குடித்தபின் நெஞ்சு அடைத்து விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாமல் போனாலும், எந்த நேரமும் நெஞ்சு இறுகி வியர்த்தாலும், வீட்டில் காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.