பழைய ஜிப்ஸியை மலைப் பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

கேள்வி: போன மாதம் 2008 மாடல் மாருதி ஜிப்ஸி ஹார்டு டாப் ஒன்று வாங்கினேன். ஓட்டத்தில் இருக்கிறது, ஆர்.சி.யும் புதுப்பித்திருக்கிறார்கள். நான், மனைவி, 12 வயது மகன் மூவரும் ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கம் தெரிந்தவர்களின் நிலத்தில் டென்ட் போட்டு இரண்டு இரவு தங்கிவர ஆசை. பழகிய பிறகு இமயமலைப் பக்கமும் போகவேண்டும். கையில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கிறேன். கூரை மேல் பொருத்தும் டென்ட், மாட்டிய வண்டியை மோட்டாரால் இழுக்கும் வின்ச், பெரிய டயர், இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்கெல் குழாய். இவற்றில் எதை முதலில் வாங்குவது?
— பெரம்பூர் வாசகர்

பதில்: டயர் வாங்குங்கள், அதுவும் பெரிய அளவில் வேண்டாம். மற்ற மூன்றும் இப்போதைக்குத் தேவையில்லை. ஜிப்ஸி ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டி. 1,300 சிசி பெட்ரோல் இன்ஜின், புதிதாக இருந்தபோதே 80 குதிரைத்திறன்தான். சேற்றிலும் பாறையிலும் பெரிய வண்டிகள் திணறும் இடத்தில் அது ஏறிப்போவதற்குக் காரணமே அதன் எடைக்குறைவு. ராணுவம் அத்தனை காலம் அதை வைத்திருந்ததில் இதற்கும் பங்கு உண்டு. நீங்கள் சொன்ன சாமான்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பலத்தைத்தான் பறிக்கும்.

சாதாரண துணி ரூஃப் டென்ட்டே 50 கிலோவைத் தொடும். அதைத் தாங்கும் இரும்பு கேரியர் இன்னும் 20, 25 கிலோ. இத்தனையும் குறுகலான, உயரமான ஒரு வண்டியின் உச்சந்தலையில். ஜவ்வாது மலைக் கொண்டையூசி வளைவில் அந்த எடை வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கும்போது ஸ்டியரிங்கிலேயே உணர்வீர்கள். நிலத்தில் விரிக்கும் நான்கு பேர் டென்ட் ஐந்தாறு கிலோதான். முகாமில் அதை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகலாம், ரூஃப் டென்ட் என்றால் வீட்டையே மடித்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வின்ச்சும் அப்படியே. மோட்டாரும் கம்பியும் சேர்ந்து 25 கிலோ, அதைப் பிடிக்க ஒரு கனமான பம்பர், எல்லாம் முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும். இழுக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் கேட்கும். ஜிப்ஸியின் சின்ன ஆல்டர்னேட்டருக்கு அது தாங்காது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்கம் பொருத்தும் இரும்புத் தடுப்பான புல் பார் வகையறாக்களைத் தடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சென்னை ஜி.பி. ரோடு வண்டிச் சாமான் கடைகளில் எல்லாமே கிடைக்கும். கிடைக்கிறது என்பதால் பொருத்தலாம் என்றாகிவிடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதே இதைத்தான்.

சரி, பணத்தை எங்கே போடுவது? பாதிக்கு மேல் வண்டியின் அடிப்பக்கத்திலேயே போகட்டும்.

சென்னையில் ஓடிய பழைய வண்டிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ஜிப்ஸி தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டி என்பதால், பாடியில் பெயின்ட் பளபளக்கும்போதே கீழே சேஸிஸ் உளுத்துப் போயிருக்கலாம். லிஃப்ட் உள்ள ஒரு ஷெட்டில் ஏற்றச் சொல்லி, ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரோடு நீங்களே கீழே நில்லுங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் நுனியைப் பிடிக்கும் இணைப்பு (ஷாக்கிள்) சேஸிஸில் சேரும் இடம், பாடி மவுன்ட் ரப்பர்கள் உட்காரும் தாங்கிகள், டிரைவர் காலடி மிதியடிக்குக் கீழே உள்ள தகடு, இந்த மூன்றையும் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். துருப்பிடித்தது மங்கலாகச் சத்தம் போட்டுச் செதிலாக உதிரும், சில இடத்தில் முனை உள்ளேயே போய்விடும். ஷாக்கிள் தாங்கியில் முனை உள்ளே போனால் மற்ற எல்லாச் செலவையும் நிறுத்திவிட்டு அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யுங்கள். அண்டர்கோட்டிங் அதற்குப் பிறகுதான். துருவின் மேல் கருப்புத் தார் பூசினால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். விற்பனைக்கு முன் பளிச்சென்று கருப்படித்த சேஸிஸைப் பார்த்தால் நான் கொஞ்சம் கூடுதலாகவே குத்திப் பார்ப்பேன்.

அடுத்தது ரேடியேட்டர். நம் ஊர் போர்த் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியிருந்தால் உள்குழாய்களில் உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கும். அண்ணா சாலையில் தெரியாது, முழுச் சுமையோடு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மலை ஏறும்போது முள் சிவப்பைத் தொடும். கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுக்க (ராடு அடிக்க) கொடுங்கள், உள்பகுதியான கோர் உதிர்ந்தால் புதிது போடுங்கள். ஹோஸ், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி மூன்றையும் கூடவே மாற்றிவிடுங்கள். அப்புறம் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 'வெயில் ஊருக்கு இது எதுக்கு சார்' என்று அதைக் கழற்றிப் போடும் பழக்கம் பல ஷெட்களில் உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் விழும். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் போதும்.

எரிபொருள் குழாய்களையும் இந்த முறையே பார்த்துவிடுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டி தயாரான காலத்தில் அந்த அளவை யாரும் நினைத்திருக்கவில்லை. பழைய ரப்பர் குழாய் ஊதி, பிறகு வெடிப்பு விடும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் துருவும் சேரும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது ஃபில்டர், டேங்க் கழுவல், இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இன்ஜின் பக்கம் பெட்ரோல் வாடை வந்தால் அந்த வண்டியில் அடுப்பையும் சாமானையும் ஏற்றவே கூடாது.

ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் வேலை செய்கிறதா என்று வாங்கும்போது யாராவது காட்டினார்களா? முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை அச்சோடு இணைக்கும் இரண்டு ஹப்பையும் லாக் செய்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரமோ முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டோ கூடவே சுற்ற வேண்டும். ஹப்பை ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும். வருடக்கணக்கில் தொடாத ஹப் உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், பிரித்துச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அதே நேரத்தில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோ, சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் ஜிப்ஸியின் ஸ்டியரிங் திடீரென்று உதறுவதற்கு இந்தக் கிங்பின் பேரிங்கே பல நேரம் காரணம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃப்ரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. தார் ரோட்டில், அதுவும் வளைவில், ஃபோர் வீலில் போட்டு ஓட்டினால் கியர்களும் ஷாஃப்ட்டும் முறுக்கேறி உடையும். மண், சேறு, சரளை, இவற்றுக்கு மட்டும்தான் அது.

பிரேக் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஆயில் முழுதாக மாற்றி, பின் டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து, ஹோஸ்களில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். மலை இறக்கத்தில் லாரிக்காரர்கள் சொல்வதே விதி: ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு.

உதிரிபாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள் நல்ல இடம், ஆனால் எதைப் பழையதாக வாங்கலாம் என்பதில் கறாராக இருங்கள். கதவு, கண்ணாடி, ரிம், விளக்கு, சீட் ஃபிரேம் தாராளமாக வாங்கலாம். பேரிங், ஆயில் சீல், பிரேக் சாமான், டை ராடு எண்ட் எல்லாம் புதிது, பில்லோடு.

டயருக்கு வருவோம். உங்கள் மாடலான ஜிப்ஸி கிங்குக்கு உரிய 205/70 ஆர்15 அளவிலேயே ஐந்து டயர் எடுங்கள், ஸ்டெப்னியும் அதே டயராக இருக்கட்டும். 235/75 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுகிறது. அதாவது எல்லாக் கியரிலும் அந்த அளவுக்கு இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நல்ல டயரில் காற்றைக் குறைத்து ஓட்டப் பழகுவதே பாதி ஆஃப் ரோடிங். இறுகாத மணலிலும் சரளையிலும் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் தடம் அகன்று வண்டி மிதந்து போகும். தார் ரோட்டைத் தொட்டதும் மறுபடி ஏற்றிவிட வேண்டும், அதற்கு ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவதை விட பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள், சாக்கெட்டின் ஃப்யூஸ் பாதியில் போய்விடும்.

ஸ்நார்கெல் ஆசை எனக்குப் புரிகிறது. மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். ஆனால் பழைய வண்டியில் தண்ணீர் முதலில் நுழைவது இன்ஜினுக்குள் அல்ல. ஆக்ஸில், கியர்பாக்ஸ், முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட ஒரு சின்ன பிரீதர் உண்டு. சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அந்த வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர்களில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள், சில நூறு ரூபாய் வேலை. தண்ணீரைக் கடந்து வந்த பிறகு டிஃப்ரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

வின்ச்சுக்குப் பதிலாக: ஒரு நல்ல இழுவைக் கயிறு, கயிறு மாட்ட, சுமை அளவு பொறித்த இரண்டு ஷாக்கிள் வளையம், மடக்கு மண்வெட்டி, பாட்டில் ஜாக், அதன் கீழே வைக்க ஓர் அடிச் சதுரத்தில் தடித்த பலகை. பலகை இல்லாவிட்டால் ஈரமண்ணில் வண்டி ஏறாது, ஜாக்தான் இறங்கும். கயிறு மாட்டுவது சேஸிஸ் ஹூக்கில் மட்டும். இழுக்கும்போது பம்பர் பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளைக் கொல்லும். இழுக்க இன்னொரு வண்டி வேண்டுமே என்பீர்கள். ஆமாம், வேண்டும். தனி வண்டியாகக் குடும்பத்தோடு ஒதுக்குப்புறம் போவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இரண்டாவது வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். ஜிப்ஸியின் பின்புறம் பக்கவாட்டில் பார்த்த பெஞ்ச். பெல்ட் இருக்காது. எதிர்ப் பெஞ்சில் அடுப்பு, தண்ணீர், பெட்டி. சடன் பிரேக் போட்டால் மகனும் சாமானும் சேர்ந்து முன்னால் வருவார்கள். பெல்ட்டோடு முன்னோக்கிய சீட் பொருத்த முடியுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அது கிடைத்து முடியும்வரை ஜிப்ஸியில் பெல்ட் உள்ள முன்சீட்டில் இருவர் மட்டும், மூன்றாமவர் நண்பரின் காரில். இதில் மட்டும் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

இனி சாமான். மூன்று பேருக்கு இரண்டு இரவு என்றால் குடிக்கவும் சமைக்கவும் 40 லிட்டர் தண்ணீர், அதாவது 40 கிலோ. வீட்டு 20 லிட்டர் பபுள் கேனைத் தூக்கிப் போடாதீர்கள், உருண்டு மூடி கழன்றுவிடும். திருகுமூடி உள்ள தட்டையான கேன்களாக, முன்சீட்டை ஒட்டிப் பின்னால், தரையில் படுக்கவைத்துக் கட்டுங்கள். கனமானது எல்லாம் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில். லேசானது மேலே. ஒவ்வொன்றையும் ராட்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டாவது பேட்டரி, ஃபிரிட்ஜ் எதுவும் வேண்டாம், இரண்டு இரவுக்கு ஐஸ்பெட்டி போதும். கேஸ் கேட்ரிட்ஜை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள்.

எல்லாம் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, மாதவரம் பக்கம் லாரிகள் போகும் ஏதாவது ஒரு எடை மேடையில் ஏறிப் பாருங்கள். முதலில் மொத்தம், பிறகு பின்சக்கரம் மட்டும். மொத்தத்தைக் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட்டு, 100 கிலோவாவது கைவசம் இருக்குமாறு சாமானைக் குறையுங்கள். பின்பக்கம் தாழ்கிறது என்று மெக்கானிக் எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை போடச் சொன்னால் இந்த எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுமை இல்லாத நாளில் அந்தப் பட்டை உங்கள் முதுகைத்தான் பதம் பார்க்கும். புது ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் ஆட்டத்தைக் குறைக்கும், தாழ்ந்த பின்பக்கத்தை நிமிர்த்தாது. இமயமலைக்கும் இதே கணக்குதான், இன்னும் கடுமையாக. 4,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் 80 குதிரை அங்கே 50-ஐ ஒட்டி வந்துவிடும்.

தெரிந்தவர் நிலம் என்றாலும் அது பட்டா நிலம்தானா, போகும் வழி காப்புக்காட்டுக்குள் வருகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு, கோடையில் திறந்த நெருப்பே வேண்டாம் என்பது என் கருத்து. மழைக்காலத்தில் ஓடைப் படுகையில் டென்ட் போடக் கூடாது, மேலே பெய்த மழை கீழே சொல்லாமல் வரும். ஜவ்வாது மலை என்றால் போளூரில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். 40 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் சுற்றித் திரும்பத் தாராளம், கேனில் பெட்ரோல் சுமக்கும் தேவை வராது.

வேலை முடிந்ததும் நேராக மலைக்குப் போகவேண்டாம். ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டைத் தாண்டி யாராவது நண்பரின் தோட்டத்தில் ஓர் இரவு தங்கி வாருங்கள். ஸ்பிரிங் பட்டையில் கை வைத்திருந்தால் பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்கள் முதல் 200 கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். திரும்பி வந்ததும் அவற்றையும் வீல் நட்களையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் புதுப்பித்த தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு புதுப்பித்தல் ஐந்தைந்து வருடத்துக்குத்தான், உங்களுடையது 2028-இல் மறுபடி வரும்.