எஸ்இஓ படிக்க நகையை அடகு வைக்காதீர்கள், அண்ணா

போன செவ்வாய்க்கிழமை பவானியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா இருபது வருடம் ஜமக்காள வியாபாரிகளிடம் வேலை பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்புதான் சொந்தக் கடை போட்டிருக்கிறார். பி.காம். முடித்த மகள், “கூகுள்ல தேடினா நம்ம கடை வரணும்ப்பா, அதை நான் கத்துக்கறேன்” என்கிறாள். அந்த வேலைக்குப் பெயர்தான் எஸ்இஓ. கோவையில் இருக்கும் தாய்மாமா, “எம்பிஏ டிஜிட்டல் மார்க்கெட்டிங் சேர்த்துங்க, நாலு பேர் மதிப்பாங்க” என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பெரியப்பா விசாரித்து வந்தது ஆறு மாத கோர்ஸ், 85,000 ரூபாய். அம்மா கழுத்தில் இருந்த ஆரத்தைத் தொட்டுக் காட்டி, “இதை வெச்சுக் கட்டிடலாமுங்க, நல்ல கோர்ஸான்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

அன்று அவர்களிடம் சொன்னதைத்தான், பேச விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கடையும் புதுசு, மகளின் வழியும் புதுசு. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்புவதில் உங்களுக்கு லாபம் இல்லை. எம்பிஏ வேண்டாம். அந்த 85,000 ரூபாய் கோர்ஸும் வேண்டாம். ஆரம் அக்காவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

எம்பிஏ என்றால் இரண்டு வருடம். இப்போது திறந்த கடை இரண்டு வருடம் காத்திருக்காது. அதில் எஸ்இஓவுக்குக் கிடைப்பதும் ஒரு பாடத்தின் ஒரு பகுதிதான். பாப்பாவிடம் உங்கள் முன்னாலேயே கேட்டேன், பட்டம் வேண்டுமா, கடை ஓட வேண்டுமா என்று. யோசிக்கவே இல்லை, “கடைங்க” என்றாள். மாமாவின் மரியாதைக்காக அந்தப் பதிலை மாற்ற எனக்கு மனம் வராது.

பெரியப்பா கொண்டு வந்த நோட்டீஸைப் படித்தேன். முதல் இடத்துக்கு உத்தரவாதம் என்று போட்டிருக்கிறது. தன் தேடலில் முதல் இடத்தை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பாடத்திட்டத்தில் ‘மெட்டா கீவேர்டு’ ஒரு வாரம்; பக்கத்தின் நிரலுக்குள் மறைவாகத் தேடல் சொற்களை எழுதி வைப்பது அது. அந்தக் குறிச்சொல்லை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே கூகுள் சொல்லிவிட்டது. அடுத்து நூற்றுக்கணக்கான தளங்களில் லிங்க் போடும் பயிற்சி. அப்படிச் செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளைப் பிடிப்பதற்கென்றே 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. இதே மாதிரி ஒரு கோர்ஸ் முடித்து வந்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் அப்பாவின் மசாலாப் பொடிக் கம்பெனிக்கு விலை கொடுத்து லிங்க் வாங்கினான். சில மாதம் கழித்துத் தேடினால் கம்பெனியின் பெயரை முழுசாக அடித்தாலும் தளம் கண்ணில் படவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு வருடம் போனது. கோர்ஸ் நடத்தியவர்கள் போனை எடுக்கவில்லை.

இனி யாரும் உங்களிடம் பேசாத வழிக்கு வருகிறேன். பாப்பா தன் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்குப் போன் செய்தவர்கள் கேட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். ‘துவைச்சா சாயம் போகுமா?’ ‘பத்துக்குப் பன்னிரண்டு அடி கிடைக்குமா?’ ‘மிஷின்ல போடலாமா?’ ‘மண்டபத்துப் பந்திக்கு நீளமா ஐம்பது வேணும், எத்தனை நாளாகும்?’ ‘இது கைத்தறிதானா, எப்படி நம்பறது?’ நீங்கள் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தீர்கள். காசு கொடுத்துக் கற்கப் போகிறாளே கீவேர்டு ஆராய்ச்சி, அது இதுதான். ஜனங்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள் என்று ஊகிக்க மற்றவர்கள் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள். இவளுக்கு அது போன் மணியடித்தே வந்து சேர்கிறது.

ஆகவே இவளுக்கு வகுப்பறை உங்கள் கடைதான். முதல் மாதம் கூகுள் பிசினஸ் புரொஃபைல். காசு கிடையாது. பவானிக்கு வந்து இறங்கியவர் ‘பக்கத்தில் ஜமக்காளக் கடை’ என்று தேடினால் மேப்பில் வரும் பட்டியல் இதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பட்டியலுக்கு மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் பாப்பாவின் கையில் இருக்கின்றன. கடைக்குச் சரியான வகை, திறந்து மூடும் சரியான நேரம், தறியில் நெய்யும்போது எடுத்த சொந்தப் படங்கள், வாங்கிப் போனவர்களிடம் கேட்டு வாங்கும் உண்மையான ரிவ்யூ. சித்தி பையனை விட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்லாதீர்கள். அது விதிமீறல், புரொஃபைலே முடங்கலாம்.

இரண்டாவது மாதம் சின்னதாக ஒரு தளம். டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, வருடத்துக்குச் சுமார் 1,000 ரூபாய்; ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் இடத்துக்கு, சில ஆயிரம். நோட்டில் உள்ள ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று எழுதட்டும். கைத்தறியா விசைத்தறியா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985ஆம் வருடச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டியது சட்டம் மட்டும் இல்லை. ஓரம் எப்படி இருக்கும், மடித்தால் எப்படி நிற்கும், கையில் பிடித்தால் எடை எப்படித் தெரியும் என்பதைத்தான் கேட்கிறார். அதை உங்களைவிட யார் சொல்ல முடியும், அண்ணா? நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும், அவள் போனில் கிட்டக்கப் படம் எடுக்கட்டும். இந்தப் பக்கத்தைச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் எந்த ஏஜென்சியாலும் எழுத முடியாது.

எழுத்துக்கூட்டலையும் அவள் கவனிக்க வேண்டும். ஜமக்காளம், ஜமுக்காளம், சமுக்காளம் என்று தமிழிலேயே மூன்று வழக்கு. ஆங்கில எழுத்தில் இன்னும் நாலைந்து. வடக்கே இருப்பவர் ‘தரி’ என்று தேடுவார், வெளிநாட்டுக்காரர் ‘காட்டன் ரக்’ என்பார். தலைப்பில் ஒன்றை வைத்து, மற்றவற்றைப் படிக்க இயல்பாக உள்ளே கொண்டுவர வேண்டும், வரிக்கு வரி திணிக்கக் கூடாது. தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம். கூகுள் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது, அதனால் அவள் சோதிக்க வேண்டியது லேப்டாப்பில் இல்லை, உங்கள் பழைய போனில். அந்தப் போனில் பக்கம் இரண்டரை வினாடிக்குள் கண்ணுக்கு வந்தால் நல்லது. படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது மாதத்திலிருந்து கூகுள் சர்ச் கன்சோல். இதுவும் இலவசம். எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு வரை அதில் கிடைக்கும். வாரம் ஒருநாள் அதைத் திறந்து, நோட்டின் வலதுபக்கத்தில் எண்களை எழுதட்டும். நிறையக் காட்டப்பட்டும் கிளிக் வராத பக்கத்தின் தலைப்பை மாற்றிப் பார்க்கட்டும். மாற்றிய தேதியை எழுதிவிட்டு மூன்று வாரம் காத்திருக்கட்டும். எஸ்இஓ கற்பது என்றால் இந்தப் பொறுமையைக் கற்பதுதான். பாடத்துக்குக் கூகுள் சர்ச் சென்ட்ரலில் உள்ள தொடக்க வழிகாட்டியே போதும். சான்றிதழ் என்று ஒன்று வேண்டுமானால் கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் விளம்பரத்துக்கும், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் அனலிடிக்ஸுக்கும் காசில்லாமல் தேர்வு எழுதலாம்.

மாமா போனில் இன்னொன்றும் கேட்டாராம்: “இப்ப கூகுள்லயே ஏஐ பதில் சொல்லுதே, இதெல்லாம் எத்தனை நாளைக்கு?” நியாயமான கேள்வி. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் அது வந்துவிட்டது. ‘ஜமக்காளம் என்றால் என்ன’ என்பது போன்ற பொதுக் கேள்விக்கு இனி உங்கள் தளத்துக்கு ஆள் வருவது குறையும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு இருப்பில் இருக்கிறதா, சேலத்துக்கு எத்தனை நாளில் வரும் என்பதற்கு ஏஐ சொந்தமாகப் பதில் செய்ய முடியாது. அதை உங்கள் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பணத்தில் நான் கறாராகவே இருப்பேன். ஒரு வருடத்துக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம். கடன் வேண்டாம், லிங்க் வாங்க வேண்டாம், ‘உங்க தளத்துல நூறு பிழை இருக்கு’ என்று போன் செய்கிறவனுக்கு ஜிபே செய்ய வேண்டாம். பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அதுவரை “ஆர்டர் வந்துச்சா?” என்று தினம் கேட்டு அவளைக் குடையாதீர்கள்.

அக்கா கேட்டாரே, நாளைக்குக் கடை சரியாகப் போகாவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம் என்று. ஒரு வருடச் சர்ச் கன்சோல் வரைபடமும், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் காரணம் எழுதிய நோட்டும் மிச்சம். ஆள் எடுக்கும் கம்பெனிகள் நேர்காணலில், “நீங்களாகச் செய்தது என்ன?” என்றுதான் முதலில் கேட்கின்றன. கோர்ஸ் முடித்தவர்கள் பலர் அங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள்.

இன்னொரு விஷயம். இவள் எழுதப் பிறந்தவள், கணக்கில் அவ்வளவு ஆர்வம் இல்லை. “கம்ப்யூட்டர் வேலைதானே, ஜிஎஸ்டி பில்லிங்கையும் சேர்த்துப் பார்த்துக்கட்டும்” என்று அதையும் தலையில் கட்டாதீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் அவளுக்கும் அந்த நோட்டுக்கும் மட்டும் விடுங்கள்.

சனிக்கிழமை பாப்பாவைத் தனியாக அனுப்புங்கள், புரொஃபைலை இங்கேயே உட்கார்ந்து தொடங்கிவிடலாம். அதற்குள் கடைப் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரும் ஜிஎஸ்டி சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெரு, பலகை, ஷட்டரைத் திறந்து உள்ளே போவது வரை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். பலகையில் எழுத்து மங்கியிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பெயின்டரைக் கூப்பிட்டுவிடுங்கள்.