விசா கொடுக்கும் அதிகாரமே இல்லாத மாநகராட்சி, குடியேறிகளுக்கு என்னதான் செய்துவிட முடியும்?

நிறையவே முடியும். நியூயார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விசா, குடியுரிமை எல்லாம் அமெரிக்க மத்திய அரசின் கையில். ஆனால் அன்றாடம் ஒருவரை முடக்கிப்போடுவது பெரும்பாலும் அடையாள அட்டை இல்லாததுதான். போலீஸ் நிறுத்தினால் காட்ட ஒன்றும் இருக்காது. பிள்ளையின் பள்ளிக்குள் போகவும் வாசலில் அட்டை கேட்பார்கள்.

அதனால் 2015 ஜனவரியில் அந்நகரம் 'ஐடிஎன்ஒய்சி' என்ற சொந்த அட்டையைக் கொண்டுவந்தது. கட்டணம் இல்லை. குடியேற்ற நிலை பற்றிக் கேட்பதும் இல்லை. சொந்த நாட்டு பாஸ்போர்ட்டையும், நகரத்தில் வசிப்பதற்கான சான்றையும் காட்டினால் போதும். அதையே நூலக அட்டையாகவும் பயன்படுத்தலாம். சில அருங்காட்சியகங்களில் ஓராண்டு இலவச உறுப்பினர் சலுகையும் சேர்த்தார்கள். இதை நான் வெறும் சலுகையாகப் பார்க்கவில்லை. எல்லோரும் விரும்பி வாங்கினால்தானே, அட்டையை வைத்து யாரையும் 'குடியேற்ற ஆவணம் இல்லாதவர்' என்று அடையாளம் காண முடியாது!

சிக்கலும் வந்தது. விண்ணப்பத்தோடு கொடுத்த ஆவண நகல்கள் மத்திய அரசிடம் போய்விடுமோ என்று டிரம்ப் வென்ற 2016 அதிபர் தேர்தலுக்குப் பிறகு பயம் பரவியது. புதிய விண்ணப்பங்களின் நகல்களைச் சேமிப்பதை நகரம் நிறுத்தியது. பழையவற்றை அழிக்கக் கூடாது என்று தொடுத்த வழக்கிலும் 2017-இல் நகரத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆனால் பெரிய வங்கிகள் பல இந்த அட்டையை ஏற்க மறுத்தன. அது பெரிய குறைதான்.

அப்புறம் மொழி. 2017-இன் உள்ளூர்ச் சட்டம் ஒன்று, பொதுமக்களோடு நேரடியாகப் பழகும் நகரத் துறைகள் முக்கிய ஆவணங்களை வங்காளம், உருது, அரபு உள்ளிட்ட 10 மொழிகளில் தர வேண்டும் என்கிறது.