‘அவுட்பேக்’ பட்டிக்காடு ஆகாது

ஆஸ்திரேலியக் கதையை மொழிபெயர்க்கும்போது ‘அவுட்பேக்’, ‘புஷ்’ இரண்டையும் ‘பட்டிக்காடு’ என்று போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ‘பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி’ என்று பேசிப் பழகிய நமக்கு அந்தச் சொல்லிலேயே ஓர் ஏளனம் ஒட்டியிருக்கிறது. உங்கள் பாத்திரமோ தன் மண்ணைப் பெருமையாகச் சொல்கிறது.

தவிர, அவுட்பேக் என்பது ஊரே அல்ல. கண்டத்தின் உட்பகுதியில், ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த வறண்ட பெருவெளி. அங்கே பக்கத்து வீடு என்பதே பல மைல் தள்ளி இருக்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா க்ரீக் என்ற ஒரே மாட்டுப்பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம்! மருத்துவர் விமானத்தில் வரும் சேவை 1928லும், பிள்ளைகளுக்கு வானொலிவழிப் பள்ளி 1951லும் தொடங்கியது இந்தத் தூரத்தால்தான். ‘குக்கிராமம்’ என்று எழுதினால் நெருங்கிய நாலு தெருதான் வாசகர் மனதில் வரும்; கதையின் தனிமையே போய்விடும். நானாக இருந்தால் முதல் இடத்தில் ‘அவுட்பேக் எனும் உள்நாட்டு வறண்ட வெளி’ என்று எழுதி, அப்புறம் வெறும் ‘அவுட்பேக்’ என்றே விடுவேன்.

‘புஷ்’ இன்னும் தளர்வான சொல். நகரத்தை விட்டு வெளியே போனாலே அது புஷ்தான். மரங்கள், பண்ணைகள், சின்ன ஊர்கள் எல்லாம் அதில் அடங்கும். இடத்துக்கேற்ப ‘காட்டுப்புறம்’ அல்லது ‘நாட்டுப்புறம்’ சரியாக வரும்.

‘வூப் வூப்’ என்பது வெகு தொலைவில் உள்ள இடத்தைச் சொல்லும் விளையாட்டான பேச்சு. அதற்கு ‘எங்கேயோ ஒரு மூலை’ போதும்.